மூட்டு விலையில் ஒளிந்திருக்கும் மெல்லிய பூச்சு: பாலக்காடு தொழில் நகரம் இதைக் கவனிக்குமா?

சுருக்கமாக

- செயற்கை மூட்டு, கான்டாக்ட் லென்ஸ், செல் வளர்க்கும் பிளாஸ்டிக் தட்டு என மூன்றிலும் உடலோடு பேசுவது உள்ளே இருக்கும் பொருள் இல்லை, மேலே இருக்கும் மெல்லிய அடுக்குதான்.
- அந்த அடுக்கை உருவாக்கும் முக்கியமான வழிகளில் ஒன்று பிளாஸ்மா.
- வாளையாருக்கு அந்தப் பக்கம் 1,710 ஏக்கரில் ஒரு தொழில் நகரம் வரப்போகிறது. மருத்துவக் கருவிகளின் மேற்பரப்பு வேலை அங்கே வருமா என்பது எல்லையின் இரு பக்கமும் இருப்பவர்களின் வேலைக்கும் மருத்துவச் செலவுக்கும் தொடர்புள்ள கேள்வி.

உங்கள் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் ஒருவர் உங்களை உட்காரவைத்துக் கேட்பார்: "சாதா மூட்டு போடலாமா, இல்ல கோல்டு கோட்டிங் உள்ளது போடலாமா?" விலை வித்தியாசத்தையும் சொல்வார். நீங்கள் ஐடி வேலையில் இருக்கலாம், வங்கியில் இருக்கலாம், பத்து டேப் திறந்து ஃபோன் வாங்குபவராக இருக்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உங்களிடம் எந்தத் தகவலும் இருக்காது. "எது நல்லதோ அதையே போடுங்க" என்று சொல்லிவிட்டு வருவோம்.

முதலில் ஒரு விஷயம்: அந்த 'கோல்டு' தங்கம் இல்லை. பெரும்பாலும் அது டைட்டானியம் நைட்ரைடு. டைட்டானியமும் நைட்ரஜனும் சேர்ந்த, சில மைக்ரான் தடிமனே உள்ள ஒரு பூச்சு. நிறம் மட்டும்தான் தங்கம். அந்தப் பூச்சு எப்படி வருகிறது, அதற்கு ஏன் தனி விலை, அதை யார் செய்கிறார்கள் என்று பார்த்தால் கதை பாலக்காடு வரை போகிறது.

இது ரத்தத்தில் இருக்கும் பிளாஸ்மாவா?

இல்லை. கொரோனா காலத்தில் 'பிளாஸ்மா சிகிச்சை' என்று கேட்டிருப்போம். அது ரத்தத்தின் திரவப் பகுதி. இங்கே சொல்வது இயற்பியல் பிளாஸ்மா.

ஒரு வாயுவுக்குப் போதுமான மின்சக்தி கொடுத்தால் அதன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்துவிடும். எலக்ட்ரான்களும் மின்னேற்றம் பெற்ற அணுக்களும் கலந்த அந்த நிலைதான் பிளாஸ்மா. மின்னலில் இருப்பது அது. வெல்டிங் பட்டறையில் கண் கூசும் ஒளியில் இருப்பது அது. பழைய டியூப் லைட்டுக்குள் எரிந்ததும் அதுதான்.

மருத்துவப் பூச்சு வேலையில் இதை இரண்டு குடும்பங்களாகப் பிரிக்கலாம்.

சூடான பிளாஸ்மா. ஆர்கான் போன்ற வாயுவை மின்வில் வழியாகச் செலுத்தினால் 10,000 டிகிரி செல்சியஸையும் தாண்டும் ஒரு தாரை கிடைக்கும். அதற்குள் பொடியைத் தூவினால் பொடி உருகி, எதிரே இருக்கும் உலோகத்தில் அப்பளம் மாதிரி தட்டையாக ஒட்டிக்கொள்ளும். இதைப் பிளாஸ்மா ஸ்ப்ரே என்பார்கள்.

குளிர் பிளாஸ்மா. காற்றை உறிஞ்சி எடுத்த ஓர் அறைக்குள் மிகக் குறைந்த அழுத்தத்தில் வாயுவை விட்டு, ரேடியோ அலை மின்சாரம் கொடுப்பது. தொழிலில் அதிகம் பயன்படும் அலைவரிசை 13.56 மெகாஹெர்ட்ஸ். இதில் எலக்ட்ரான்கள் மட்டும் பல்லாயிரம் டிகிரிக்குச் சமமான ஆற்றலோடு ஓடும். வாயு கிட்டத்தட்ட அறை வெப்பத்திலேயே இருக்கும். அதனால்தான் பிளாஸ்டிக்கைக்கூட உருக்காமல் அதன் மேற்பரப்பை மட்டும் மாற்ற முடிகிறது.

மேற்பரப்பை ஏன் மாற்ற வேண்டும்?

வீட்டில் புது இரும்புத் தோசைக்கல் வாங்கினால் என்ன செய்வோம்? எண்ணெய் தடவி, சூடாக்கி, திரும்பத் திரும்பப் பழக்குவோம். கல் அதே இரும்புதான். ஆனால் சூட்டில் எண்ணெய் இறுகி, மேலே ஒரு மெல்லிய படலமாகிவிடுகிறது. அதன்பிறகுதான் தோசை ஒட்டாமல் வரும். மாவு பார்ப்பது அந்தப் படலத்தை மட்டும்தான்.

உடலும் அப்படித்தான். ஒரு கருவியை உள்ளே வைத்த சில நொடிகளிலேயே ரத்தத்தில் இருக்கும் புரதங்கள் அதன்மேல் படியத் தொடங்கும். எந்தப் புரதம், எந்த வடிவத்தில் படிகிறது என்பதைப் பொறுத்துதான் செல்கள் அங்கே குடியேறுமா, ரத்தம் உறையுமா, எலும்பு ஒட்டுமா என்பதெல்லாம் முடிவாகும். இதில் மேற்பரப்புக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

மூன்று உதாரணங்களைப் பார்ப்போம்.

செல் வளர்க்கும் தட்டு. உயிரித் தொழில்நுட்ப ஆய்வகத்தில் படித்தவர்களுக்குத் தெரியும்: செல்களை வளர்க்கும் தட்டு பாலிஸ்டைரீன் என்ற சாதாரண பிளாஸ்டிக். அச்சிலிருந்து எடுத்த பாலிஸ்டைரீன் தண்ணீரை விரும்பாது; தாமரை இலை அளவுக்கு இல்லாவிட்டாலும் துளி அதில் பரவாமல் குவிந்தே நிற்கும். அதில் பெரும்பாலான செல்கள் ஒட்டி வளராது. அதே தட்டை ஆக்ஸிஜன் உள்ள பிளாஸ்மாவிலோ, காற்றில் உண்டாக்கும் மின்கசிவிலோ சிறிது நேரம் காட்டினால் மேற்பரப்பில் ஆக்ஸிஜன் கொண்ட வேதித் தொகுதிகள் முளைக்கும். தண்ணீர் பரவும், செல்கள் ஒட்டும். புற்றுநோய் மருந்துச் சோதனையிலிருந்து ஸ்டெம் செல் ஆய்வு வரை இந்தத் தட்டை நம்பித்தான் நடக்கிறது. பிளாஸ்டிக் அதேதான். உறையில் இருக்கும் 'செல் வளர்ப்புக்குத் தயார் செய்யப்பட்டது' என்ற வரிக்குத்தான் கூடுதல் விலை.

கான்டாக்ட் லென்ஸ். ஆக்ஸிஜனை நன்றாகக் கடத்தும் சிலிகோன் ஹைட்ரோஜெல் லென்ஸ்கள் முதலில் வந்தபோது ஒரு பிரச்சினை இருந்தது. சிலிகோன் கண்ணீரை ஏற்காது. ஆரம்பகால லென்ஸ்களில் இதற்குக் கண்டுபிடித்த தீர்வு பிளாஸ்மா. அப்படி வந்த ஒரு லென்ஸில் பூச்சின் தடிமன் சுமார் 25 நானோமீட்டர்தான். ஒரு தலைமுடியின் தடிமனில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு.

இடுப்பு மூட்டின் தண்டு. சிமென்ட் இல்லாமல் தொடை எலும்புக்குள் இறக்கும் டைட்டானியம் தண்டின்மேல் ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட்டைப் பிளாஸ்மா ஸ்ப்ரே செய்வார்கள். எலும்பின் தாதுப் பகுதியும் கிட்டத்தட்ட இதே பொருள்தான். அதனால் எலும்பு அதை ஒட்டி வளர்கிறது. 1980களின் நடுவில் மனிதர்களில் பயன்பாட்டுக்கு வந்த முறை இது. பூச்சின் தடிமன் பொதுவாக 50 முதல் 200 மைக்ரான்.

சரி, இதற்கு விலை எவ்வளவு?

மேற்பரப்புக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று இந்தியாவில் தனியாகக் கணக்கு எடுப்பது கஷ்டம். ஆனால் அரசின் விலை உச்சவரம்பு அறிவிப்புகளில் ஒரு தடயம் இருக்கிறது.

தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை அறிவித்தது. ஜிஎஸ்டி சேர்க்காமல் அன்றைய கணக்கு இது:

- கோபால்ட் குரோமியம் மூட்டு: சராசரி அதிகபட்ச சில்லறை விலை ரூ.1,58,324. உச்சவரம்பு ரூ.54,720. குறைப்பு 65%.
- டைட்டானியம், ஆக்ஸிஜனேற்றம் செய்த ஜிர்கோனியம் போன்ற சிறப்பு உலோக மூட்டு: ரூ.2,49,251-லிருந்து ரூ.76,600. குறைப்பு 69%.

இரண்டு உச்சவரம்புகளுக்கும் உள்ள வித்தியாசம் ரூ.21,880. அதாவது சிறப்பு வகைக்கு 40% அதிகம். இந்தச் சிறப்பு வகையில் ஒன்றான ஜிர்கோனியம் மூட்டின் சிறப்பே அதன் மேற்பரப்புதான். உலோகத்தைக் காற்றில் சூடாக்கி, மேலே செராமிக் போன்ற ஆக்ஸைடு அடுக்கை வளர்க்கிறார்கள். (இது பிளாஸ்மா முறை இல்லை. ஆனால் காசு கொடுப்பது மேற்பரப்புக்கு என்பதில் மாற்றமில்லை.)

இதய ஸ்டென்ட்டிலும் இதே கதைதான். 2017 பிப்ரவரியில் வெறும் உலோக ஸ்டென்ட்டுக்கு உச்சவரம்பு ரூ.7,260, மருந்து கசியும் ஸ்டென்ட்டுக்கு ரூ.29,600. நான்கு மடங்கு. இரண்டுக்கும் இடையே உள்ள முக்கிய வித்தியாசம் மேலே பூசிய மருந்து அடுக்கு. இந்த உச்சவரம்புகள் அதன்பின் மாறிவந்திருக்கின்றன. ஆனால் பூச்சு உள்ளதற்கும் இல்லாததற்கும் உள்ள இடைவெளிதான் இங்கே கவனிக்க வேண்டியது.

ஆக, நாம் வாங்குவது உலோகம் என்று நினைக்கிறோம். காசில் கணிசமான பங்கு போவது தோலுக்கு.

பூச்சு தவறினால் என்ன ஆகும்?

மேற்பரப்பு என்பது வெறும் விற்பனை உத்தி இல்லை என்பதற்கு ஒரு கசப்பான உதாரணம் ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டு. உலோகத்தின்மேல் உலோகம் உரசும் வடிவமைப்பு அது. உரசலில் கோபால்ட், குரோமியம் துகள்கள் உதிர்ந்து, சுற்றியுள்ள திசுவையும் ரத்தத்தையும் பாதித்த புகார்களுக்குப் பிறகு 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் சுமார் 4,700 அறுவை சிகிச்சைகளில் அது பயன்பட்டிருந்தது. இழப்பீட்டுக்கான சூத்திரத்தை மத்திய அரசு ஏற்றது 2018-ல்தான். எட்டு ஆண்டு இடைவெளி.

பூச்சு போட்டால் மட்டும் பிரச்சினை தீர்ந்துவிடாது. பூச்சுக்கே உரிய சிக்கல்கள் உண்டு.

- உரிவது. ஹைட்ராக்ஸிஅபடைட் பூச்சு உலோகத்தை விட்டுப் பிரியக் கூடாது. சர்வதேசத் தரநிலை கேட்கும் குறைந்தபட்ச ஒட்டு வலிமை 15 மெகாபாஸ்கல். அதாவது ஒரு சதுர சென்டிமீட்டர் பூச்சை 150 கிலோ எடைக்குச் சமமாக இழுத்தாலும் பிரியக் கூடாது.
- அதிகச் சூடு. ஸ்ப்ரே செய்யும்போது சூடு கூடினால் ஹைட்ராக்ஸிஅபடைட் வேறு கால்சியம் பாஸ்பேட்டுகளாகச் சிதையும். அவை உடலில் சீக்கிரம் கரைந்துவிடும்.
- பழசாவது. பிளாஸ்மா காட்டிய பிளாஸ்டிக் மெதுவாகப் பழைய குணத்துக்குத் திரும்பும். சிலிகோன் ரப்பரில் இது சில மணி நேரத்திலேயே தெரிய ஆரம்பிக்கும்.
- எட்டாத இடம். நீளமான மெல்லிய குழாயின் உட்புறத்தில் ஒரே சீராகப் பிளாஸ்மாவை உண்டாக்குவது கடினம். கதீட்டர் தயாரிப்பில் இது பெரிய தலைவலி.

மூன்றாவது அம்சத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். சிலிகோனில் செய்யும் சிறு சோதனைச் சில்லுகளைப் பிளாஸ்மா காட்டிய சில நிமிடங்களுக்குள் கண்ணாடியோடு ஒட்டிவிட வேண்டும். அதை வேறொரு ஊரில் செய்து கூரியரில் அனுப்ப முடியாது. சில வேலைகளுக்குப் பிளாஸ்மா பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். பாலக்காட்டுக் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

பாலக்காட்டில் என்ன நடக்கிறது?

2024 ஆகஸ்ட் 28 அன்று மத்திய அமைச்சரவை 12 தொழில் நகரங்களுக்கு ஒப்புதல் தந்தது. மொத்த மதிப்பு ரூ.28,602 கோடி. அதில் ஒன்று பாலக்காடு: 1,710 ஏக்கர், ரூ.3,806 கோடி. இடம் கஞ்சிக்கோட்டை ஒட்டிய புதுசேரி பகுதி. (பாண்டிச்சேரி இல்லை, இது பாலக்காடு மாவட்ட ஊராட்சி.) வாளையார் சோதனைச் சாவடியிலிருந்து கொஞ்ச தூரம்தான்.

இந்தப் பகுதி ஏற்கெனவே காலி நிலம் இல்லை. கஞ்சிக்கோடு கேரளத்தின் பெரிய தொழிற்பேட்டைகளில் ஒன்று. ஐஐடி பாலக்காடு 2015-ல் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கோழிப்பாறையில் தற்காலிக வளாகத்தில் தொடங்கி, பிறகு கஞ்சிக்கோடு பக்கம் நிரந்தர வளாகத்துக்கு வந்தது. ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்தில் கோயம்புத்தூர். அங்கே வார்ப்பு, நுண் இயந்திர வேலை, பம்பு, ஜவுளி என்று எல்லாம் இருக்கின்றன. தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி மையமான சிட்ராவில் மருத்துவ ஜவுளிக்கென்றே ஒரு சிறப்பு மையம் இயங்குகிறது. வெற்றிட அறை, பம்பு, துல்லிய உலோக வேலை, துணி, பொறியாளர்கள் என்று பிளாஸ்மா பூச்சுக்குத் தேவையானவற்றில் பலவும் ஒரே மலைக்கணவாயின் இரு பக்கமும் கிடைக்கின்றன.

மனிதர்களும் அப்படித்தான். சித்தூர் தாலுகாவில் கோழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தமிழ்தான் வீட்டு மொழி. இடுக்கியில் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை தாலுகாக்களின் தேயிலை, ஏலத் தோட்டங்களில் தலைமுறைகளாகத் தமிழர்கள் வேலை செய்கிறார்கள். பாலக்காட்டுக்காரர்களுக்குப் பெரிய சிகிச்சை என்றால் கோவை. குமுளிக்காரர்களுக்குத் தேனி, மதுரை. அதே ஊர்களின் பொறியியல் பட்டதாரிகள் போவது கோவை, சென்னை, பெங்களூரு. இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்களில் சிலரும் அந்தப் பட்டியலில் இருப்பீர்கள்.

இது கேரளத்துக்குப் புதுசா?

இல்லவே இல்லை. இந்தியாவின் மருத்துவக் கருவி வரலாற்றில் மிக முக்கியமான அத்தியாயம் எழுதப்பட்டது திருவனந்தபுரத்தில்.

1980-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில், இதய அறுவை சிகிச்சை நிபுணர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் செயற்கை இதய வால்வு உருவானது. இறக்குமதி வால்வு வாங்க வசதியில்லாத, வாத இதய நோயால் வால்வு கெட்டுப்போன ஏழை இளம் நோயாளிகள்தான் அதன் இலக்கு. மனிதருக்கு முதல்முறை பொருத்தப்பட்டது 1990 டிசம்பரில். சென்னையைச் சேர்ந்த டிடிகே குழுமம் தயாரித்து விற்ற அந்த வால்வு இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது. வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார்.

நம் தலைப்புக்கு முக்கியமானது வெற்றி இல்லை, அதற்கு முன் நடந்த தோல்விகள். வெற்றி பெற்றது நான்காவது மாதிரி. முதல் மூன்றும் சோதனைக் கட்டத்திலேயே விழுந்தன. ஒன்றில் வெல்டிங் செய்த இடம் பலவீனமானது. ஒன்றில் கடினமான நீலமணிக்கல் தட்டு உரசி டைட்டானியம் தேய்ந்தது. ஒன்றில் தட்டே உடைந்தது. கடைசியில் கோபால்ட் கலவை உலோகக் கூண்டும், மிக உயர்ந்த மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் தட்டும் சேர்ந்து ஜெயித்தன.

டைட்டானியம் லேசானது, உடல் ஏற்கக்கூடியது. ஆனால் உரசலைத் தாங்காது. இன்று உலகம் முழுக்க இதற்குச் சொல்லும் விடைகளில் ஒன்றுதான் நாம் ஆரம்பத்தில் பார்த்த 'கோல்டு' பூச்சு, டைட்டானியம் நைட்ரைடு. ஒரு பொருளைத் தூக்கி எறிவதற்குப் பதில் அதன் தோலை மட்டும் மாற்றுவது.

இந்த வேலைக்கான அறிவும் நாட்டில் இருக்கிறது. குஜராத் காந்திநகரில் 1986 முதல் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. ஆய்வகத்தில் கண்டதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகவே 1997-ல் அதன்கீழ் ஒரு தனி மையம் தொடங்கினார்கள். உலோகத்தைக் கடினமாக்குவதிலிருந்து அங்கோரா முயல் முடியை நூற்க ஏற்றதாக மாற்றுவது வரை அங்கே செய்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் தடை எங்கே?

என் பார்வையில் மூன்று இடங்களில்.

ஒன்று, யாருக்கும் தனியாகக் கட்டுப்படியாகாது. ஒரு சிறு நிறுவனம் திருகாணி செய்யும் இயந்திரம் வாங்கலாம். ஆனால் பிளாஸ்மா பூச்சு அறை, தூசியில்லா அறை, ஒட்டு வலிமைச் சோதனை, ஐஎஸ்ஓ 10993 தரநிலைப்படி உயிரிணக்கச் சோதனை என்று வரிசையாகப் போட்டால் அது தாங்காது. அதனால் வெறும் உலோக வேலையோடு நிறுத்திக்கொண்டு, மதிப்பு அதிகமுள்ள கடைசிப் படியை வேறு யாருக்கோ விட்டுவிடுகிறது.

இரண்டு, அரசுப் பணம் வேறு ஊர்களுக்குப் போனது. 2020-ல் அறிவித்த மருத்துவக் கருவிப் பூங்கா திட்டத்தில் ஒரு பூங்காவுக்கு ரூ.100 கோடி வரை பொது வசதிகளுக்குக் கொடுத்தார்கள். தேர்வான மாநிலங்கள் தமிழ்நாடு, உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், இமாசலப் பிரதேசம். தமிழ்நாட்டின் பூங்கா ஒரகடத்தில், 350 ஏக்கரில். கேரளம் அந்தப் பட்டியலில் இல்லை. தோன்னய்க்கலில் தன் சொந்த மருத்துவக் கருவிப் பூங்காவைத் திட்டமிட்டது. ஒரகடம், தோன்னய்க்கல் இரண்டும் பாலக்காடு-கோவை பகுதியிலிருந்து பல மணி நேரப் பயணம்.

மூன்று, ஒழுங்குமுறை. 2017 மருத்துவக் கருவி விதிகள் கருவிகளை அபாயத்தைப் பொறுத்து ஏ முதல் டி வரை பிரிக்கின்றன. இதய வால்வு டி வகை. இந்த வகைகளில் பூச்சின் வேதியியலையோ தடிமனையோ மாற்றினால் அது 'சின்ன மாற்றம்' என்று போக முடியாது. மீண்டும் நிரூபிக்க வேண்டும். நோயாளிக்கு இது தேவையான பாதுகாப்பு. ஆனால் சோதனைக்கூடம் தொலைவில் இருந்தால் சிறு நிறுவனத்துக்கு ஒவ்வொரு திருத்தமும் மாதக்கணக்கில் இழுக்கும்.

2023 ஏப்ரலில் வந்த தேசிய மருத்துவக் கருவிக் கொள்கை 2030-க்குள் இந்தத் துறையை 50 பில்லியன் டாலராக வளர்க்க வேண்டும் என்கிறது. இலக்கு பெரியது. உள்ளூரில் உலோகத்தைக் கடைந்து, பூச்சை வெளியே வாங்கி அந்த இலக்கை எட்டினால், எண்ணிக்கை ஏறும்; கையில் நிற்கும் மதிப்பு ஏறாது.

என்ன செய்யலாம்?

புது அறிவிப்பு எதுவும் தேவையில்லை. 2024 நவம்பரில் மத்திய அரசு மருத்துவக் கருவித் துறைக்கு ரூ.500 கோடித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதில் ரூ.110 கோடி, தொழில் தொகுப்புகளில் பொது வசதிகளுக்கும் சோதனைக்கூடங்களுக்கும். பலரும் நேரம் பதிவு செய்து பயன்படுத்தும் ஒரு பிளாஸ்மா பூச்சு, சோதனை மையம் இந்தத் தலைப்புக்குள் சரியாகப் பொருந்தும். பாலக்காடு நகரத்துக்கான நிலமும் திட்டமும் இருக்கின்றன. ஐஐடியும் சிட்ராவும் பக்கத்தில். சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் மதிப்பீட்டு அனுபவம் அதே மாநிலத்தில்.

எதிர்வாதமும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. பூச்சு மையம் மட்டும் கட்டினால் வாடிக்கையாளர் எங்கிருந்து வருவார்கள்? நாட்டில் பெரிய மூட்டு, ஸ்டென்ட் தயாரிப்பாளர்கள் குஜராத் பக்கம்தான் குவிந்திருக்கிறார்கள். மூட்டை மட்டும் நம்பி இங்கே கடை போட்டால் நஷ்டம்தான்.

அதனால்தான் தொடக்கம் மூட்டாக இருக்க வேண்டியதில்லை. செல் வளர்ப்புத் தட்டு, நோயறிதல் சில்லு, காயக்கட்டுத் துணி ஆகியவற்றுக்குக் குளிர் பிளாஸ்மா போதும். முதலீடும் ஒப்புதல் காலமும் குறைவு. தென்னிந்தியக் கல்லூரிகளும் ஆய்வகங்களும் இவற்றைத் தினமும் வாங்குகின்றன. தேவை ஏற்கெனவே இருக்கிறது, யாரும் அதைத் திரட்டவில்லை, அவ்வளவுதான்.

எல்லைக்காரர்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல்

மேற்பரப்பு மலிவானாலும் நோயாளிக்கு அது போய்ச் சேர இன்னொரு வேலி இருக்கிறது. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டையை வைத்துத் தரப்படுவது. கேரளத்தின் காருண்யா திட்டம் அங்குள்ள பயனாளிகளுக்கானது. குமுளியில் கேரள அட்டை வைத்திருக்கும் தோட்டத் தொழிலாளிக்குத் தேனிதான் பக்கம். ஆனால் அட்டை எதிர்த் திசையைக் காட்டுகிறது. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் மாநிலம் தாண்டிச் சிகிச்சை பெறும் வசதி விதியளவில் உண்டு. ஆனால் உங்கள் அட்டை அதில் வருமா, போகும் மருத்துவமனை பட்டியலில் உள்ளதா, அந்தச் சிகிச்சைக்கு ஏற்பார்களா என்று சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

வீட்டில் யாருக்காவது மூட்டு மாற்று என்றால் கேட்க வேண்டிய நான்கு

1. இது என்ன பூச்சு, என் அம்மாவுக்கு இது ஏன் தேவை? நிக்கல் போன்ற உலோக ஒவ்வாமை இருப்பவர்களுக்கு டைட்டானியம் நைட்ரைடு பூச்சைப் பரிந்துரைப்பார்கள். மற்றவர்களுக்கு 'தங்க நிற' மூட்டு அதிக ஆண்டு உழைக்கும் என்பதற்கு வலுவான நீண்டகாலச் சான்று இல்லை.
2. இந்த வகைக்கு இப்போதைய உச்சவரம்பு எவ்வளவு? உச்சவரம்பு கருவிக்கு மட்டும். அறுவை சிகிச்சைக் கட்டணம், அறை வாடகை அதில் வராது. பில்லில் இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும்.
3. கருவியின் பெயர், மாதிரி எண், தொகுதி எண் உள்ள ஸ்டிக்கர் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டப்பட்டிருக்கிறதா? பின்னாளில் ஏஎஸ்ஆர் மாதிரி திரும்பப் பெறுதல் நடந்தால், நம்மைக் கண்டுபிடிக்க உதவுவது அந்த ஸ்டிக்கர்தான். ஒரு ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.
4. இதே டாக்டர் சாதாரண கோபால்ட் குரோமியம் மூட்டைப் போட்டால் வித்தியாசம் என்ன? இந்தக் கேள்வியைக் கூச்சப்படாமல் டாக்டரிடமே நேரில் கேளுங்கள், வெளியே உட்கார்ந்திருக்கும் விற்பனைப் பிரதிநிதியிடம் இல்லை.

இனி எதைக் கவனிக்க வேண்டும்?

பாலக்காடு நகரத்தில் எந்தத் தொழிலுக்கு எத்தனை ஏக்கர் என்ற ஒதுக்கீட்டுப் பட்டியலைப் பாருங்கள். அதில் 'மருந்து', 'ரப்பர்', 'பிளாஸ்டிக்' என்ற பெயர்கள் வந்தால் மட்டும் போதாது. பொதுச் சோதனைக்கூடம், தூசியில்லா அறை, பூச்சு வசதி என்ற வரிகள் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. அவை இருந்தால், கோழிஞ்சாம்பாறையிலோ கம்பத்திலோ படித்து முடிக்கும் ஒரு பெண் வேலைக்காக பெங்களூரு ரயில் ஏறாமல் இருக்க ஒரு காரணம் கிடைக்கும். இல்லையென்றால், இன்னொரு கிடங்கு வளாகத்தைக் கட்டி முடித்திருப்போம். மேற்பூச்சுக்கான காசை வழக்கம்போல வெளியே அனுப்பிக்கொண்டிருப்போம்.